வேலி, துலா, வெள்ளை ஈ: கொடிகாமத்து மணலில் கமம் செய்த கதை

"நிலைபேறான விவசாயம்" என்ற சொல் எங்கட ஊருக்கு வந்து கனகாலம் இல்லை. கருத்தரங்குப் பதாகையிலை இருக்கும், திட்ட அறிக்கையிலை இருக்கும், கமக்காரரின்ரை வாயிலை இராது. அவையளுக்கு அது தேவைப்படவும் இல்லை. தண்ணி குறைஞ்ச மண்ணிலை, உப்புக் கடலுக்கு நடுவிலை, பூச்சியோடையும் புல்லோடையும் மல்லுக்கட்டி எப்பிடிப் பயிர் எடுக்கிறது எண்டது அவையளுக்குத் தலைமுறைக் கணக்கு. கலைப்பீடத்திலை நாங்கள் படிக்கிற வரலாற்றுப் பாடத்தில் கமக்காரர் வருவினம்தான். ஆனால் வரி கட்டுறவராக, சாதிப் பட்டியலில் ஒரு வரியாக, ஒல்லாந்தர் ஆவணத்தில் ஒரு எண்ணிக்கையாக வருவினம். அவை என்ன செய்தவை, ஏன் அப்பிடிச் செய்தவை எண்ட கேள்வி விவசாயபீடத்துக்குப் போய்விடும். அந்தப் பீடம் கிளிநொச்சியில், நாங்கள் திருநெல்வேலியில். இந்தக் கட்டுரை அந்த இடைவெளிக்குள்ளை நிண்டு எழுதுற ஒரு முயற்சி.

கொடிகாமத்தை எடுத்துக்கொண்டது தற்செயல் இல்லை. ஏ9 வீதியில் நிண்டு வடக்கே பார்த்தால் வரணி தாண்டி பருத்தித்துறைக்குப் போற வீதி, தெற்கே இறங்கினால் கச்சாய்க் கடலேரி. இந்தப் பக்கமும் உவர், அந்தப் பக்கமும் உவர். இடையிலை மணல். வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வளர்ந்து பேர் எடுத்தபோது, தென்மராட்சியின் மணல் தென்னைக்கும் பலாவுக்கும் மாவுக்கும் பனைக்கும் பேர் எடுத்தது. மாம்பழக் காலத்தில் கொடிகாமம் சந்தைக்குப் போனவைக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரின் பேரிலேயே ஒரு "காமம்" இருக்கு. கதிர்காமத்தில் இருக்கிற அதே காமம்தான், கிராமம் என்ற சொல்லோடு உறவுள்ளது என்று இடப்பெயர் ஆய்வாளர்கள் சொல்லுவார்கள். எங்களுக்கு அதைக் கமம் எண்டு வாசிக்கத்தான் ஆசை.

குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களுக்குள் கொட்டி முடிஞ்சிடும். பிறகு தை மாசம் பனியோடை போகும், சித்திரையில் சிறுமாரி எண்டு கொஞ்சம் எட்டிப்பார்க்கும், அதுக்குப் பிறகு சோளகக் காற்று மண்ணைக் காய்ச்சி எடுக்கும். ஆக, மற்ற ஒன்பது மாசமும் நாங்கள் குடிக்கிறதும் இறைக்கிறதும் மூன்று மாச மழை நிலத்துக்குள் விட்டுப்போன சேமிப்பு. அந்தச் சேமிப்பு எப்பிடி இருக்கு எண்டதை விளங்கிக்கொள்ளாமல் இந்த ஊரின் விவசாய வரலாறு விளங்காது. நன்னீர் உப்புநீரைவிட இலேசு. அதனாலை நிலத்துக்கடியில் உப்புநீருக்கு மேலே நன்னீர் ஒரு வில்லை மாதிரி மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடிக்கு நன்னீர் நிண்டால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் எண்டது நிலத்தடி நீர் படிக்கிறவர்களின் கணக்கு. அதையே மறுபக்கமாக வாசிச்சுப் பாருங்கோ. மேலே ஒரு அடி குறைஞ்சால் கீழே இருந்து 40 அடிக்கு உப்பு ஏறி வரும். "கிணறு உவறிப் போச்சு" எண்டு ஊரில் சொல்லுறது இதைத்தான்.

இப்ப துலாவுக்கு வருவம். பனை மரத்தையோ வேறை வைரமான நெடுமரத்தையோ ஆடுகாலில் பொருத்தி, ஒரு நுனியில் கொடியும் பட்டையும் கட்டி, மேலே ஆள் ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து இறைக்கிற முறை. மேலே மிதிக்கிறவர், கிணற்றடியில் பட்டை பிடிச்சுக் கவிழ்க்கிறவர், வாய்க்கால் வழியே பாத்தி பாத்தியாய்த் தண்ணி மாறுறவர் எண்டு குறைஞ்சது 3 பேர் வேணும். விடியப்புறம் தொடங்கி வெயில் ஏறமுதல் முடிச்சுப்போடுவினம். 1859 இல் வெளிவந்த எமர்சன் ரெனன்றின் "சிலோன்" நூல் யாழ்ப்பாணத்துத் தோட்டச் செய்கையை வியந்து எழுதுது. வெள்ளைக்காரர் வியந்தால்தான் எங்கட ஆக்களுக்கு ஒரு சந்தோசம், அது வேறை கதை. ஆனால் துலாவைப் பற்றி அந்தக் காலத்து ஆக்கள் எழுதாமல் விட்ட ஒரு விசயம் இருக்கு. துலா களைக்கும். மிதிக்கிற ஆள் களைச்சுப் போனால் இறைப்பு நிற்கும். அந்த இடைவெளியில் கிணறு ஊறும், வில்லை பழையபடி நிமிரும். மனுச உடம்பின் களைப்பே இந்த மண்ணின் நீர்ச் சட்டமாக இருந்திருக்கு எண்டு நாங்கள் நினைக்கிறம். பங்குக் கிணறுகளில் இன்னாருக்கு இன்ன நாள் இறைப்பு எண்டு முறை வைச்சிருந்ததும் அதே வேலையைச் செய்தது. முறை மாறி இறைச்சதுக்காக நீதிமன்றம் ஏறின குடும்பங்கள் எங்கட பக்கம் கன பேர் இருக்கினம்.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் மிசின் வந்தது. மிசின் களைக்காது.

அதே காலத்தில் தண்ணி பற்றிப் பெரிய கனவுகளும் இருந்தன. தொண்டைமானாற்றில் உவர்நீரைத் தடுக்கிற கதவணை 1950களின் தொடக்கத்தில் முடிஞ்சது. 1954 இல் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்ற திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடலேரியை நன்னீராக்கி, முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவந்து, குடாநாட்டுக்குள்ளை நன்னீரைத் தேக்கி வைக்கிறது அவரின்ரை எண்ணம். வரணிக்கும் கொடிகாமத்துக்கும் வடக்கே இருக்கிற அந்தக் கடலேரி நன்னீராகி இருந்தால் இந்தப் பக்கத்துக் கிணறுகளின் தலைவிதியே வேறை. வேலை பாதியில் நிண்டது, பிறகு யுத்தம் வந்தது, பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒருக்கா அந்த ஆறு மேடையில் ஓடும்.

தண்ணியைவிட எங்களை யோசிக்க வைச்சது வேலி. யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி எழுதின எல்லாரும் அதைத் தனிமைக்கும் சந்தேகத்துக்கும் சண்டைக்கும் அடையாளமாகத்தான் எழுதியிருக்கினம். ஒரு அங்குல வேலிக்கு வழக்குப் பேசின கதைகள் எங்களிடம் நிறைய. ஆனால் கமக்காரரின் கண்ணால் பார்த்தால் வேலி ஒரு பசளைக் களஞ்சியம். கதியால்கள் எல்லாம் உயிர் மரம்: பூவரசு, கிளுவை, முள்முருக்கு, கிளிசரியா. வருசத்தில் 2, 3 தரம் குழை வெட்டலாம். வெட்டின குழை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகும், மிச்சம் தோட்டத்தில் தாழ்ப்பதுக்குப் போகும். வேலியை மறைச்சுக் கட்டுறது பனையின் காவோலை அல்லது தென்னங்கிடுகு. அது மழையும் வெயிலும் பட்டு உக்கினதும் பிரிச்செடுத்து, தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்ப்பினம். மணல் மண்ணில் தண்ணி நிற்காது, போட்ட பசளையும் நிற்காது, கழுவிக்கொண்டு கீழே போய்விடும். மெல்ல மெல்ல உக்குற பனையோலை அந்த மணலுக்குள் ஒரு பஞ்சு மாதிரி இருந்து ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். அதாவது வீட்டுக்கு மறைப்பாய் நிண்ட ஓலை, சில வருசத்தில் கத்தரிக்குச் சாப்பாடாய்ப் போகும். மட்டுவில் கத்தரிக்காய்க்கு இருக்கிற பேருக்குப் பின்னால் விதை மட்டும் இல்லை எண்டது எங்கட சந்தேகம்.

தென்னைக்கும் இதே புத்திதான். பொச்சுமட்டையை அடியைச் சுத்திக் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டால் கோடைக்கு ஈரம் கிடக்கும். லுணுவிலையில் இருக்கிற தென்னை ஆராய்ச்சி நிலையமும் இதைத்தான் பரிந்துரைக்குது. நெல் வெட்டின வயலில் சணல் விதைச்சு, பூக்கத் தொடங்கேக்கை உழுது மடக்கிறது, ஆட்டுப்பட்டியையும் மாட்டுப்பட்டியையும் இரவில் வயலில் அடைச்சு இடம் மாத்தி மாத்திக் கட்டுறது, கடற்கரைப் பக்கம் ஒதுங்கிற சாதாளையை அள்ளிக்கொண்டுவந்து போடுறது எண்டு அந்தப் பட்டியல் நீளம். களைக்குத் தனி மருந்து இருக்கேல்லை. சித்திரைச் சிறுமாரியோடை ஒரு உழவு போட்டுக் கோரைக் கிழங்கை வெளியிலை எடுத்து வெயிலில் காயவிடுறது ஒரு வழி. ஆவணி, புரட்டாதியில் புழுதி விதைப்புக்கு முதல் முளைச்ச புல்லை இன்னொருதரம் மறிச்சு உழுறது அடுத்த வழி. மிச்சத்தைக் கை பார்த்துக்கொள்ளும். மானாவாரி வயலுக்கு மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போல நெடுத்து வளருற நெல்லுகளை விதைச்சதிலும் ஒரு கணக்கு இருந்தது. குட்டை நெல்லைவிட நெட்டை நெல் புல்லுக்கு நிழல் போட்டு அமத்தும். விளைச்சல் குறைவுதான், ஆனால் பெரிசாய்ப் பசளை கேக்காது, வைக்கோலும் மாட்டுக்குக் கூடக் கிடைக்கும்.

"களையைக் கை பார்த்துக்கொள்ளும்" எண்டு எழுதிப்போட்டு அப்பிடியே போக ஏலாது. ஆற்றை கை? பழைய விவசாயத்தைப் பற்றி எழுதுற நிறையப் பேர் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளுவினம். துலா மிதிச்சதும், குழை சுமந்ததும், தாழ்ப்புக் கிடங்கு வெட்டினதும் பெரும்பாலும் காணிச் சொந்தக்காரர் இல்லை. ஒடுக்கப்பட்ட சாதி ஆண்கள். களை பிடுங்கினது பெண்கள். இறைச்ச கிணற்றிலேயே அந்த ஆக்களுக்குத் தண்ணி அள்ள உரிமை இருக்கேல்லை. கே. டானியல் "தண்ணீர்" எண்ட பேரிலேயே ஒரு நாவல் எழுதவேண்டி வந்த மண் இது. 1966 ஒக்ரோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலமும், அதுக்குப் பிந்தின கோயில், தேநீர்க்கடைப் போராட்டங்களும், மிசின் பரவின காலமும் ஏறக்குறைய ஒரே காலம். மிசின் நிலத்தடி நீருக்குக் கெடுதல் செய்தது உண்மை. ஆனால் துலாவிலிருந்து இறங்கின மனுசனிடம் போய் "அது நிலைபேறான முறை அல்லவோ" எண்டு கேட்டால் அவர் என்ன சொல்லுவார்? பழைய முறைகளுக்குத் திரும்பவேணும் எண்டு சொல்லுற எவரும், அந்த வேலையை ஆர் செய்யிறது, என்ன கூலிக்குச் செய்யிறது எண்டதுக்கு முதலில் பதில் சொல்லவேணும். இண்டைக்கும் களை பிடுங்கப் போற பெண்ணின் நாட்கூலி ஆணின் கூலியைவிடக் குறைவு.

1970 இலிருந்து 77 வரை வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. வடக்கில் காசு புழங்கினது, படிச்ச பொடியளும் தோட்டத்துக்கு இறங்கினவை. யூரியா மூட்டையும் பூச்சிமருந்துப் போத்தலும் பெருகினது அந்தக் காலத்தில்தான். 1977 க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட விலை விழுந்தது, மருந்துப் பழக்கம் மட்டும் மிஞ்சினது. அதின்ரை விளைவு இரண்டு விதமாய் வந்தது. ஒண்டு, செறிவாய்த் தோட்டம் செய்யிற வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறினது. பல ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கு. அடுத்தது, போத்தல் வீட்டுக்குள் வந்தது. பொலிடோல் எண்ட பேரை எங்கட பெரியாக்கள் பூச்சியோடை சேர்த்து ஞாபகம் வைச்சிருக்கேல்லை, செத்த வீடுகளோடை சேர்த்துத்தான் ஞாபகம் வைச்சிருக்கினம். பரதயோன் 1984 இல் தடை செய்யப்பட்டது, 1995 இல் அதி நச்சு மருந்துகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதுக்குப் பிந்தின 10 வருசத்தில் இலங்கையின் தற்கொலை வீதம் ஏறக்குறைய பாதியாய்க் குறைஞ்சது. உலகமே எடுத்துக்காட்டாய்ச் சொல்லுற சங்கதி இது. விவசாயக் கொள்கை எண்டு நினைச்சு எடுத்த ஒரு முடிவு எவ்வளவு பேரைக் காப்பாத்தியிருக்கு எண்டதை எங்கட பாடப்புத்தகம் சொல்லாது.

1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்கினதோடை பொருளாதாரத் தடை வந்தது. யூரியா வெடிமருந்தாய்ப் போகும் எண்டு நிறுத்தப்பட்டது, எரிபொருள் நிறுத்தப்பட்டது, மண்ணெண்ணெய் பவுண் மாதிரி ஆச்சு. சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட கதையை எல்லாரும் சொல்லுவினம். தோட்டத்தில் நடந்ததைச் சொல்லுறவை குறைவு. மிசின் கொட்டிலில் பூட்டிக் கிடக்க, துலா திரும்ப ஏறினது. குழையும் எருவும் திரும்ப வந்தது. புகையிலைக் காம்பு அவிச்ச தண்ணி, வேப்பங்கொட்டைச் சாறு, சாம்பல் எண்டு பூச்சிக்குக் கைமருந்து வந்தது. எங்கட அம்மம்மாக்கள் இதை வீரக்கதையாய்ச் சொல்லுறேல்லை. வேறை வழி இருக்கேல்லை எண்டுதான் சொல்லுவினம். ஆனால் அது சாத்தியமானதுக்குக் காரணம் இருந்தது. அப்ப வேலியில் கதியால் நிண்டது, பட்டியில் மாடு நிண்டது, துலா மிதிக்கத் தெரிஞ்ச ஆள் உயிரோடை இருந்தார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில் எண்டு ஒவ்வொரு வளவுக்குள்ளும் பத்துக் குடும்பம். தங்கட வீட்டாக்களுக்கு மட்டும் எண்டு கணக்குப் பார்த்து அள்ளின கிணற்றில் இரவு பகலாய் வாளி விழுந்தது. 2000 இல் ஆனையிறவு விழுந்து சண்டை தென்மராட்சிக்குள் வந்தபோது, இந்த முறை ஓடினது தென்மராட்சிச் சனம். திரும்பி வரேக்கை தென்னைகளுக்குத் தலை இல்லை. தலை இருந்த மரங்களிலும் கனக்க பங்கருக்குக் குத்தியாய்ப் போயிருந்தது. காணிக்குள் மிதிவெடி. 2000 டிசம்பரில் மிருசுவிலில் கொல்லப்பட்ட 8 பேரும் விட்டுப்போன வீடு வளவைப் பார்க்க வந்தவர்கள். விவசாய வரலாறு எழுதேக்கை இதை ஏன் எழுதுறியள் எண்டு கேக்கலாம். தன்ரை காணிக்குள் கால் வைக்கிறதே உயிர்ப் பிரச்சினையாய் இருந்த வருசங்களில் ஒரு பயிர்ச்செய்கை அறிவு எப்பிடிக் கைமாறும்?

களையிலும் யுத்தத்தின் மிச்சம் இருக்கு. பார்த்தீனியம் இந்தியப் படை இருந்த காலத்தில் கொண்டுவந்த ஆடுகளோடை வந்தது எண்டுதான் பரவலாய்ச் சொல்லப்படுது. 1999 இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டது. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும், தொட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும், ஆடு மாடும் விரும்பித் தின்னாது. பயிர் செய்யாமல் கிடந்த காணி எல்லாம் அதுக்குச் சொந்தக் காணி. பூக்கமுதல் கையுறை போட்டு வேரோடை பிடுங்கி எரிக்கிறதைத் தவிர இலகுவான வழி ஒண்டும் இல்லை. அதுவும் பக்கத்துக் காணிக்காரர் கனடாவில் இருந்தால் அந்தக் காணியை ஆர் பிடுங்கிறது? இந்தக் களையின் பிரச்சினை பாதி தாவரவியல், பாதி புலம்பெயர்வு.

2021 மே மாதம் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு வர்த்தமானியால் நாடு முழுக்க இரசாயனப் பசளையை நிறுத்தினார். நவம்பரில் திரும்ப எடுத்தார். அதுக்குள் ஒரு போகம் அடிபட்டது, நெல் விளைச்சல் விழுந்தது, அரிசி இறக்குமதி செய்யவேண்டி வந்தது. அப்ப தெற்கில் சில ஆக்கள் "யாழ்ப்பாணத்தார் 90களில் பசளை இல்லாமல் செய்து காட்டினவைதானே" எண்டு சொன்னதைக் கேட்க எங்களுக்கு எரிச்சல்தான் வந்தது. தடையைத் தாங்கினதை ஒரு சாதனையாக்கி, அதையே இன்னொரு தடைக்கு நியாயமாக்கிறது என்ன நியாயம்? அதைவிட முக்கியம், 2021 இல் கமக்காரருக்குத் திரும்பிப் போக இடம் இருக்கேல்லை. கதியால் வேலி இருந்த இடத்தில் மதிலும் தகரமும். குழை இல்லை, காவோலை வெட்ட ஆள் இல்லை, மாடு அருமை. வேலி மதிலானது பாதுகாப்புக்கும் மரியாதைக்கும் எண்டு எல்லாரும் சந்தோசமாய்த்தான் கட்டினவை. அதோடை ஒரு பசளைக் கொட்டகையும் போனது ஒருத்தருக்கும் தெரியேல்லை. சேதனப் பசளைக்கு மாற வருசக்கணக்கு வேணும், வேலி வளர வேணும், மாடு பெருக வேணும். வர்த்தமானி ஒரு இரவில் வரும்.

2000 க்குப் பிறகு நட்ட தென்னம்பிள்ளைகள் காய்ச்சுக் குலுங்குற நேரம் பார்த்து வெள்ளை ஈ வந்திருக்கு. ஓலையின் அடிப்பக்கம் பஞ்சு ஒட்டினமாதிரி இருக்கும். அது சாறு உறிஞ்சிக் கழிக்கிற தேன் மாதிரியான நீர் கீழ் ஓலைகளில் விழ, அதிலை கரும்பூஞ்சணம் பிடிக்கும். ஓலை கறுத்தால் வெயில் பிடிக்காது, காய் குறையும். மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி இது. தமிழ்நாட்டில் 2016 இல் பொள்ளாச்சியில் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கை முதல் அடியிலேயே மருந்து விசிறினவை, பிறகுதான் விளங்கினது. இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டை இடுகிற மிகச் சின்னக் குளவி ஒண்டு இருக்கு, என்கார்சியா எண்டு பேர். மருந்து அடிச்சால் ஈக்கு முதல் அந்தக் குளவி சாகும். அதனாலை தண்ணியை விசையாய் அடிச்சுக் கழுவுறது, வேப்பெண்ணெயோடை சவர்க்காரத் தண்ணி விசிறுறது, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுறது, குளவியை விட்டுவைக்கிறது எண்டுதான் அறிவுரை. தென்னை பயிர்ச்செய்கைச் சபையும் இதைத்தான் சொல்லுது. வழி சரிதான். சிக்கல் என்னெண்டால் ஒரு வளவில் மட்டும் செய்து பிரயோசனம் இல்லை, ஊர் முழுக்க ஒரே கிழமையில் செய்யவேணும். உயர்ந்த தென்னையின் ஓலை அடிக்கு விசிற விசைப்பம்பி வேணும். கோடையில் மரம் கழுவத் தண்ணி வேணும்.

அந்தத் தண்ணி இருக்கிற மணலைத்தான் இரவில் டிப்பரில் ஏத்துறாங்கள். தென்மராட்சியின் கிழக்குப் பக்கத்தில் சட்டவிரோத மணல் அகழ்வு பற்றிப் பத்திரிகையில் செய்தி வராத மாசம் குறைவு. மணலைக் கட்டடப் பொருள் எண்டுதான் எல்லாரும் பார்க்கினம். மாரி மழையை உறிஞ்சி வைச்சிருக்கிற தொட்டி அதுதான். தொட்டியையே அள்ளிக்கொண்டு போனால் நன்னீர் வில்லைக்கு மேலே நிற்க இடம் இல்லை. 2016, 17 வரட்சியில் கிணறுகள் வத்தினதைக் கண்ட கமக்காரர் அமைப்புகள் இதைக் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொல்லுகினம். சொட்டுநீர்க் குழாய் போட்டவர் இருக்கினம், தூவல் முறைக்கு மாறினவர் இருக்கினம், வயலை விட்டுப்போட்டுக் கடை போட்டவரும் இருக்கினம். கச்சாய்ப் பக்கத்துத் தரவையில் உவர்நீர்த் தடுப்பணை உடைஞ்ச இடத்தாலை கடலேரித் தண்ணி ஏறினால் அடுத்த காலபோகத்துக்கு அந்த வயலில் என்ன விதைக்கிறது எண்டதுதான் அங்கை இருக்கிறவையின்ரை பேச்சு. ஆவணி உழவுக்கு முதல் அணையைக் கட்டித் தந்தால் மொட்டைக்கறுப்பன் விதைக்கலாம் எண்டு சொல்லுகினம்.